கொலெட்டியைத் தேடாமல் தூங்கிவிட்டீர்களே!

கேள்வி: 1913இல் வந்த ‘வோ இஸ்ட் கொலெட்டி?’ (கொலெட்டி எங்கே?) என்ற ஜெர்மன் ஊமைப் படத்தைப் பார்த்தேன். துப்பறியும் நகைச்சுவை என்று போட்டிருந்தார்கள். துப்பும் இல்லை, சிரிப்பும் இல்லை. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டது போல எல்லோரும் ஓடுகிறார்கள். பாதியில் தூங்கிவிட்டேன். ஜெர்மன்காரர்களுக்கு நகைச்சுவை வராது என்பது உண்மைதானே?
— ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: வெந்நீரைக் கொட்டியவர் இயக்குநர் மாக்ஸ் மாக் அல்ல. நீங்கள் சொல்வதைப் பார்த்தால், அந்தப் பிரதியைக் கணினியில் ஏற்றியவர்தான் கொட்டியிருக்கிறார்.

அந்தக் காலத்துக் கேமரா கையால் சுற்றுவது. கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் 8 ஃபிரேம், அதாவது 8 தனித்தனிப் படம். நொடிக்கு இரண்டு சுற்று, ஆக 16. ஆளுக்கு ஆள் கை வேகம் மாறும் என்பதால் 16 முதல் 20 வரை கணக்கு வைத்துக்கொள்ளலாம். அதை நொடிக்கு 24 ஃபிரேமாக ஓட்டினால் என்ன ஆகும்? 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 52 ஃபிரேம். 1000 மீட்டர் படம் 18 ஃபிரேம் வேகத்தில் சுமார் 49 நிமிடம் ஓடும். 24இல் 37 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வசனத்தை எழுத்தில் காட்டும் டைட்டில் கார்டு 8 நொடி நிற்க வேண்டியது, 6 நொடியில் போய்விடும். கார்டைப் படித்து முடிக்கவில்லை என்றால் கதை எப்படிப் புரியும்? கதை புரியாவிட்டால் தூக்கம் வரத்தானே செய்யும்!

வேகத்தைக் குறைக்கும் முன் ஒரு சோதனை. ஆள் அசையும் காட்சி ஒன்றில் நிறுத்தி, ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்துங்கள். மூன்று ஃபிரேம் மாறி நான்காவது முந்தையதைப் போலவே அசையாமல் நின்றால், 18ஐ 24ஆக ஏற்கெனவே நீட்டிச் சரிசெய்த பிரதி அது. அதில் கை வைக்காதீர்கள். எல்லா ஃபிரேமும் புதிதாக இருந்தால் வேகத்தை 0.75க்கு இறக்குங்கள். அப்போதும் பதற்றமாகத் தெரிந்தால் 0.67, அதாவது 16 ஃபிரேம்.

இதை எந்தக் காட்சியை வைத்து முடிவு செய்வது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். துரத்தல் காட்சியை வைத்துப் பார்க்கவே கூடாது. சிரிப்புக்காகக் கேமராவை வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றி, திரையில் வேகமாகத் தெரிய வைப்பது அப்போது வழக்கம். ஒருவர் அறைக்குள் சாதாரணமாக நடக்கும் இடத்தைப் பிடியுங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 அடி எடுத்து வைத்தால் சரி. 150ஐத் தாண்டினால் வேகம் தப்பு.

படம் திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு தெரிந்ததா? அதுவும் கோளாறுதான். அகலமும் உயரமும் 4:3 ஆக உள்ள பழைய படத்தை இன்றைய 16:9 அகலத்திரைக்காக வெட்டினால் உயரத்தில் கால் பங்கு போய்விடும். தலையோ காலோ, இரண்டில் ஒன்று மிஞ்சும். வெட்டாமல் இழுத்திருந்தால் எல்லோரும் ஊதிப்போய்த் தெரிவார்கள். பின்னணியில் அர்த்தமில்லாமல் சுற்றிச் சுற்றி வரும் பியானோ இசையையும் முதலில் அணைத்துவிடுங்கள்.

இனி ‘துப்பு இல்லை’ என்ற புகார். ஐயா, இதில் துப்பறிபவரான கொலெட்டிதான் ஒளிகிறார்! புகைப்படம் ஊரெல்லாம் அனுப்பப்பட்டிருந்த ஒரு குற்றவாளி பெர்லினில் 48 மணி நேரம் எப்படித் தப்பித் திரிந்தான் என்று பத்திரிகையில் பகிரங்கக் கடிதம் ஒன்று அவரைக் குத்துகிறது. பெருநகரத்தில் அது முடியும் என்கிறார் கொலெட்டி. 48 மணி நேரத்துக்குள் தன்னைக் கண்டுபிடிப்பவருக்கு 1,00,000 மார்க் என்று பந்தயம் கட்டி, தன் முகத்தையே ஊரெங்கும் சுவரொட்டியாக ஒட்டவும் விடுகிறார். 1855இல் எர்ன்ஸ்ட் லிட்ஃபாஸ் பெர்லின் தெருக்களில் நிறுத்தத் தொடங்கிய வட்ட விளம்பரத் தூண்களை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊரில் ஒட்டிய முகம் யார் கண்ணிலும் படாமல் போகாது. பிறகு தன் முடிதிருத்துநரைத் தன்னைப்போலவே ஆக்கி வெளியே அனுப்புகிறார். ஊர் அந்த ஆளின் பின்னால் ஓடுகிறது.

நீங்கள் கொலெட்டியாக நடித்த ஹான்ஸ் யுங்கர்மானையே பார்த்துக்கொண்டிருந்திருப்பீர்கள். பார்க்க வேண்டியது கூட்டத்தை. சாப்ளினிடம் சிரிப்பு உடம்பில் இருக்கும். இங்கே அது பார்ப்பவர்களின் கண்ணில் இருக்கிறது. புகைப்படத்தைக் கையில் வாங்கியதும் போகிறவர் வருகிறவரெல்லாம் அவர்களுக்குக் கொலெட்டியாகத் தெரிகிறார்கள். அசல் ஆள் தெரிவதில்லை. போலீஸ் புகைப்படத்தின் மீது ஐரோப்பாவுக்கு இருந்த நம்பிக்கையைத்தான் படம் கிண்டலடிக்கிறது. பாரிஸில் பெர்த்தியோன் என்ற போலீஸ் அதிகாரி கைதியின் உடம்பில் 11 அளவு எடுத்து, நேராக ஒன்று பக்கவாட்டில் ஒன்று என்று படம் பிடித்து அட்டை போட்ட முறை அங்கே பரவியிருந்த காலம்.

பெர்லின்காரர்களுக்கு இந்தக் கிண்டல் உடனே உறைத்திருக்கும். 1906 அக்டோபரில் வில்ஹெல்ம் ஃபோய்க்ட் என்ற செருப்புத் தொழிலாளி பழைய கேப்டன் சீருடையை மாட்டிக்கொண்டு, தெருவில் கண்ட சிப்பாய்களைக் கூட்டிப்போய், பெர்லினை ஒட்டிய கோப்பெனிக் நகராட்சியின் மேயரைக் கைது செய்து கஜானாவையும் வழித்துக்கொண்டு போனார். சட்டையைப் பார்த்தார்களே தவிர, முகத்தை யாரும் பார்க்கவில்லை. பத்து நாள் கழித்து அவர் பிடிபட்டதும் பழைய சிறைக் கூட்டாளி ஒருவர் சொல்லித்தான்.

இதே மாக்ஸ் மாக் அதே 1913இல் ‘டேர் ஆண்டரே’ (மற்றவன்) என்ற படத்தையும் எடுத்தார். அதன் நாயகன் ஆல்பர்ட் பாசர்மான் பெரிய மேடை நடிகர். நாடகக்காரர்கள் சினிமாவைத் தீண்டாமல் ஒதுக்கியிருந்த காலம் அப்போதுதான் முடிந்திருந்தது. ‘கொலெட்டி’யின் கதையை எழுதிய ஃபிரான்ஸ் ஃபான் ஷோந்தானும் பேர்பெற்ற மேடை நகைச்சுவை ஆசிரியர்தான். அவர் அந்த ஆண்டின் கடைசியிலேயே இறந்தார். யூதரான மாக், ஹிட்லர் வந்தபின் இங்கிலாந்துக்குப் போய், 1973இல் லண்டனில் காலமானார். ஜெர்மன்காரர்களுக்கு நகைச்சுவை வராது என்று சொல்பவர்கள், அதை எழுதியும் எடுத்தும் வந்தவர்களில் எத்தனை பேரை அந்த நாடு துரத்தியது என்றும் எண்ணிப் பார்க்கட்டும்.

வேகத்தை 0.75இல் வையுங்கள், பியானோவை அணையுங்கள். இந்த முறை சுவரொட்டி ஒட்டும் காட்சி வந்ததும் படத்தை நிறுத்தி, அதிலுள்ள முகத்தை ஒரு நிமிடம் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு கொலெட்டி வேடம் மாற்றி வரும் ஒவ்வோர் இடத்திலும் திரையில் இருக்கும் கூட்டத்துக்கு முன்னால் நீங்கள் கண்டுபிடிக்கிறீர்களா என்று கணக்கு வைத்து எழுதுங்கள். 1,00,000 மார்க் எங்களால் முடியாது; ஆறு மாதச் சந்தா அனுப்புகிறோம்.