31ஐ எந்த நாளிலிருந்து எண்ணுவது?

கேள்வி: கர்ப்பத்தின் 31ஆம் கிழமையிலேயே பிறந்த என் மகள், ஐந்து கிழமை வைத்தியசாலையில் இருந்துவிட்டு இப்போதுதான் வெள்ளவத்தை வீட்டுக்கு வந்திருக்கிறாள். பிறந்து 31ஆம் நாள் செய்யவேண்டிய, தள்ளிப்போன துடக்குக் கழிவுச் சடங்கை வரும் ஞாயிறு செய்து சொந்தக்காரரைக் கூப்பிடுவோம் என்கிறார் மாமி. மூத்தவனுக்கு மொன்டிசூரியில் பிடித்த தடிமன் வேறு. மாமியிடம் எப்படிச் சொல்வது?

பதில்: அன்புத் தங்கச்சி, ஞாயிறு யாரையும் அழைக்காதீர்கள். தாயிடமிருந்து நோயெதிர்ப்புச் சக்தி நச்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போவது பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில்தான். அந்தப் பன்னிரண்டு கிழமையில் உங்கள் மகளுக்குக் கிடைத்தது மூன்றே மூன்று. ஆர்.எஸ்.வி. என்ற வைரஸ் நமக்கு வெறும் தடிமன். அவளுக்கோ நுண்ணிய மூச்சுக்குழாய்களை வீங்கவைத்து அடைத்துவிடும். கதவுப் பிடியிலும் மேசையிலும் அது சில மணி நேரம் உயிரோடு கிடக்கும். காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ் கம்பியைப் பிடித்து வந்த கை, கழுவாமல் அவள் கன்னத்தைத் தொட்டால் போதும். முத்தமும் வேண்டாம், அப்பப்பாவுக்கும்தான். உதட்டுக் கொப்புளத்தில் இருக்கும் ஹேர்பீஸ் வைரஸ் பச்சைப் பிள்ளையின் மூளைவரை போகக்கூடியது.

மூத்தவன் தடிமன் மாறும்வரை அப்பாவோடு மற்ற அறையில் படுக்கட்டும். மாறியதும், சவர்க்காரம் போட்டுக் கைகழுவிவிட்டுத் தங்கச்சியின் பாதத்தைத் தொட விடுங்கள். பாவம், அவனும் சின்னப் பிள்ளைதானே. உங்களுக்கே தடிமன் வந்தாலும் பால் கொடுப்பதை நிறுத்தாதீர்கள், மாஸ்க் போட்டுக்கொண்டு கொடுங்கள்.

குறைமாதப் பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லாமலே நோய் முற்றலாம். பால் குடிக்க மறுத்தால், துவண்டு கிடந்தால், மூச்சு இடையிடையே நின்று வந்தால், விலாவுக்கிடையில் தோல் உள்ளே இழுபட்டால், உடற்சூடு 38 பாகை செல்சியஸைத் தொட்டால், விடியட்டும் என்று இருக்காதீர்கள். 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

இனி மாமி. பிள்ளை பிறந்த வீட்டுக்கு 31 நாள் ஆட்கள் கண்டபடி வராமல் காத்த வழக்கத்தின் அருமை உங்களைவிட அவருக்குத் தெரியும். “மாமி, இவள் ஒன்பது கிழமை முந்தி வந்துவிட்டாள். பிறக்க வேண்டிய திகதியிலிருந்து அந்த 31ஐ எண்ணுவோமா?” என்று கேட்டுப் பாருங்கள். அன்றைக்கு வாசலில் நின்று வருகிறவர்களைக் கைகழுவ வைப்பதையும், தடிமன்காரரைத் திருப்பி அனுப்புவதையும் அவர் பொறுப்பிலேயே விடுங்கள். மாமி சொன்னால் யார் மறுப்பார்கள்?

தடுப்பூசிக்கு மட்டும் அப்படித் தள்ளி எண்ணக்கூடாது. அவள் பிறந்த திகதியிலிருந்தே இரண்டு மாதம் கணக்கிட்டுக் குடும்பநல உத்தியோகத்தரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.