கத்திரி வெயிலில் கடலோரம், கூடவே இரண்டு நாய்: வாசகர் கேள்வி பதில்

மே இரண்டாம் வாரம் நானும் கணவரும் மாமல்லபுரம் பக்கம் நான்கு நாள் தங்கப் போகிறோம். ஒரு லாப்ரடார், ஒரு பக். எந்த நேரத்தில் மணலில் விடலாம்?
- வாசகி, தாம்பரம்

அந்த மாதத்தில் சூரியன் ஐந்தே முக்காலுக்கெல்லாம் வந்துவிடும். ஐந்தே காலுக்குக் கிளம்பி, ஏழு மணிக்குள் அறைக்குத் திரும்பிவிடுங்கள். மாலையில் ஆறு மணிக்கு மேல். வெயில் தாழ்ந்தாலும் உலர்ந்த மணல் சூட்டை விடாது. புறங்கையை மணலில் வைத்து ஏழு எண்ணுங்கள். கை தாங்கவில்லையென்றால் பாதமும் தாங்காது.

நண்பகல் வாக்கில் கடற்காற்று ஏறும்போது 'ஜிலுஜிலு'வென்று இருக்கிறதே என்று பலர் நாயோடு இறங்கிவிடுகிறார்கள். வேர்த்த நம் உடம்புக்குத்தான் அது குளிர்ச்சி. நாய்க்குப் பாதத்தில் கொஞ்சம் வேர்ப்பதோடு சரி; மூச்சு இளைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்த இளைப்பும் சரியாகப் பலிக்காது. பக்குக்கு மூக்கே குட்டை, சிக்கல் இரட்டிப்பு. அதற்கு 15 நிமிட நடை போதும், கழுத்துப்பட்டைக்குப் பதில் ஹார்னஸ் என்னும் மார்புப்பட்டை. லாப்ரடாரின் கோளாறு வேறு: பந்தை எறிகிறவரை ஓடும், தானாக நிற்காது. பத்து எறிதலுக்குப் பின் நீங்கள்தான் பந்தை எடுத்துப் பையில் போட வேண்டும். வெயிலுக்கென்று அதன் முடியை மழிக்காதீர்கள். அந்த அடர்த்திதான் தோலை வெயிலிலிருந்து காக்கிறது.

எங்கள் நாய் கடல் தண்ணீரைக் குடித்துவிடுகிறது. ஆபத்தா?
- வாசகர், கடலூர்

இரண்டு வாய் போனால் வாந்தி அல்லது தண்ணீராகப் பேதி. ஒரு நாளில் அடங்கும். நிறையக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் ஏறி, தள்ளாட்டம், நடுக்கம், வலிப்பு வரை போகும். தள்ளாடினாலே மருத்துவரிடம் ஓடுங்கள். தாகத்தில்தான் குடிக்கிறது என்பதால், 15 நிமிடத்துக்கு ஒருமுறை கிண்ணத்தில் நல்ல தண்ணீர் காட்டுங்கள். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50 முதல் 60 மில்லி சாதாரணக் கணக்கு. 30 கிலோ நாய்க்கு ஒன்றரை லிட்டருக்கு மேல். கோடையில், அதுவும் ஓடியாடினால், இன்னும் கூடும்.

ஈர டென்னிஸ் பந்து வேண்டாம். மணலை அப்பிக்கொண்டு வாய்க்குள் போகும். அதிகமானால் குடலில் மணல் கட்டிக்கொள்ளும். வழவழப்பான, மிதக்கும் ரப்பர் பந்து நல்லது.

நீச்சல் தெரிந்த நாய்தானே, கடலில் விடலாமா?
- வாசகர், சென்னை

விடாதீர்கள். நம் கிழக்குக் கரையில் பல இடங்களில் நாலு அடி வைத்தாலே ஆழம். அலைகளுக்கு நடுவே ஓர் இடம் மட்டும் நுரையில்லாமல் அமைதியாகத் தெரிந்தால், அங்கேதான் தண்ணீர் வெளியே இழுத்துக்கொண்டிருக்கக்கூடும். முழங்கால் அளவு நீரில், ஐந்து மீட்டர் கயிற்றோடு விளையாட்டு காட்டினால் போதும். கயிறு நழுவிப் போனாலும் பின்னால் குதிக்காதீர்கள்.

கரையில் கிடப்பதைத் தின்றுவிடுமோ என்று பயம்.
- வாசகி, புதுச்சேரி

பயப்பட வேண்டியது பேத்தை மீனுக்கு (உப்பிக்கொள்ளும் பஃபர் மீன்). வலையிலிருந்து உதறிவிட்டுப் போன பேத்தை காய்ந்து கிடந்தாலும் விஷம் விஷம்தான்; முறிமருந்து கிடையாது. கெளுத்தியின் முள் பாதத்தில் ஏறும். கரையொதுங்கிய சொறி மீன் (ஜெல்லி மீன்), செத்த பிறகும் கொட்டும். தூண்டில் முள் உதட்டில் மாட்டினால் இழுக்காதீர்கள், வாயிலிருந்து தூண்டில் நரம்பு (நைலான் இழை) தொங்கினால் அதையும் இழுக்காதீர்கள், அப்படியே மருத்துவரிடம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கரையில் வலை பின்னும் வேலை நடக்கும் நேரம். நாய் வலைமீது காலைத் தூக்கினால் சண்டை வரும், வருவது நியாயமும்கூட. பங்குனி ஆமை என்னும் கடலாமையின் குஞ்சுகள் மே மாதத்திலும் பொரித்து வெளிவருவதுண்டு, ஆகவே மணலைத் தோண்ட விடாதீர்கள்.

ஓய்வுக்கென்று போய் நாய் மேய்த்துத் திரும்புகிறோம் என்கிறார் மனைவி. இருவரும் சேர்ந்து வெளியே சாப்பிடப் போக வழியுண்டா?
- வாசகர், வேலூர்

உண்டு, அறை எடுக்கும்போதே அதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும். 'நாய்க்கு அனுமதி உண்டா' என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடுகிறார்கள். எத்தனை நாய், எந்த எடை வரை, அறையில் தனியாக விடலாமா, தரைத்தளமா, வளாகத்தில் வேறு நாய்கள் திரிகின்றனவா என்றெல்லாம் கேளுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம்: கரண்ட் போனால் ஜெனரேட்டரில் ஏசி ஓடுமா, விளக்கும் மின்விசிறியும் மட்டுமா? ஏசி நின்ற மூடிய அறைதான் கோடையில் நாய்க்குப் பெரிய ஆபத்து. ஓடாது என்றால் இருவரும் சேர்ந்து வெளியே போகும் திட்டத்தை விட்டுவிடுங்கள்.

முதல் நாளே இரண்டு மணி நேரம் விட்டுப் போகாதீர்கள். ஐந்து நிமிடம், பதினைந்து, நாற்பது என்று பழக்குங்கள். வீட்டில் அது படுக்கும் துணியைத் துவைக்காமல் கொண்டு போங்கள், அந்த வாசனையில் சீக்கிரம் அடங்கும். காலை ஓட்டம் முடிந்து, தின்று, உறங்கும் ஒன்பது மணிதான் நீங்கள் நிம்மதியாகச் சிற்றுண்டிக்குப் போகும் நேரம். கடற்கரைக் கோயில் போன்ற தொல்லியல் வளாகங்களுக்கு மட்டும் ஒருவர் மாற்றி ஒருவர் போக வேண்டியதுதான். 'பத்து நிமிஷத்தில் வந்துவிடுகிறேன்' என்று காருக்குள் பூட்டிவிட்டுப் போகிற பேச்சே வேண்டாம்; வெளியே 35 டிகிரி என்றால் அரை மணியில் உள்ளே 50ஐத் தாண்டும்.

வெப்பத்தாக்கு வந்தால் உடனே என்ன செய்வது?
- வாசகி, நாகர்கோவில்

இளைப்பு நிற்காது, ஈறு செக்கச்செவேலென்றாகும், கெட்டியான எச்சில் வடியும், கால் பின்னும். நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்க, வயிறு, தொடையிடுக்கு உட்பட, குழாய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி விடாதீர்கள். துண்டே சூடாகி வெப்பத்தை அடைத்துவிடும். தடுமாறும் நாயின் வாயில் தண்ணீரை ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். ஆசனவாயில் வெப்பமானி வைத்து 39.5 டிகிரி செல்சியஸ் வந்ததும் ஊற்றுவதை நிறுத்துங்கள். தெளிந்துவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள், சிறுநீரகக் கோளாறு மறுநாள்கூடத் தலைகாட்டும். பாரசிட்டமால் கொடுக்கவே கூடாது.

ரயிலில் கன்னியாகுமரிக்குக் கூட்டிப் போக முடியுமா?
- வாசகர், திருச்சி

முதல் வகுப்பில் மட்டும். இரண்டு படுக்கை கொண்ட கூப்பே அல்லது நான்கு படுக்கை கொண்ட கேபின் முழுக்க உங்களுக்கே ஒதுக்கப்பட வேண்டும். அது பயணிகள் பட்டியல் (சார்ட்) தயாராகும்போதுதான் உறுதியாகும். தடுப்பூசிச் சான்றோடு புறப்படும் நிலையத்தின் பார்சல் அலுவலகத்தில் நாய்க்குத் தனிச்சீட்டு வாங்க வேண்டும். இரண்டும் கிடைக்காவிட்டால் ரயில் கார்டு இருக்கும் பெட்டியிலுள்ள கூண்டுதான் மிச்சம்; மே மாதத்தில் அதில் ஏற்றுவதற்குப் பதில் பயணத்தை டிசம்பருக்குத் தள்ளிப்போடுங்கள்.