காசில் பாதி எழுத்து எங்கே?

கேள்வி: எங்கள் உம்மம்மாவின் பெட்டியில் எட்டணா அகலத்துக்கு ஒரு வெள்ளிக்காசு இருந்தது. படம் அனுப்பியிருக்கிறேன். பள்ளிவாசல் ஹஜ்ரத் பார்த்துவிட்டு, "கலிமா இருக்கு, அலி பேரும் சேர்ந்து வருது" என்றார். ஓரத்து எழுத்தெல்லாம் பாதியில் நிற்கிறதே, தேய்ந்துபோனதா? புளி போட்டுத் துலக்கி, வளையம் வைத்துப் பேத்திக்குப் போடலாமா?
- ஒரு வாசகி, நாகூர்

பதில்: புளியை ரசத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. வளையமும் வேண்டாம். பற்றவைக்கிற சூட்டில் எழுத்து மழுங்கிவிடும். கும்பகோணத்தில் வெள்ளிப் பட்டறை வைத்திருந்தவன் சொல்கிறேன், கேளுங்கள்.

எழுத்து தேயவில்லை, முதலிலேயே விழவில்லை. கீழச்சின் மேல் வெள்ளி வில்லையை வைத்து, மேலச்சைக் கையால் பிடித்துச் சம்மட்டியால் அடித்த காசு இது. அச்சு பெரியது, வில்லை சிறியது. அடி கொஞ்சம் விலகினாலும் ஓரத்து வரி வெளியே போய்விடும். இதில் போனது ஷியாக்கள் தலைவர்களாகப் போற்றும் பன்னிரண்டு இமாம்களின் பெயர்களில் சில. நடுவில் இஸ்லாத்தின் உறுதிமொழியான கலிமாவோடு "அலி வலியுல்லாஹ்", அதாவது நபியின் மருமகன் அலி இறைவனின் நேசர் என்பது, முழுசாக இருக்கிறது. 1501-ல் ஷா இஸ்மாயில் பாரசீகத்தில் ஷியா மார்க்கத்தை அரச மார்க்கமாக்கியபின் அவருடைய சஃபவி வம்சத்துக் காசுகளில் வந்த வாசகம் இது. அந்த வம்சத்துக்குப் பின் 1736-ல் பட்டமேறிய நாதிர்ஷாவின் காசுகளில் கிடையாது.

மறுபக்கம்தான் எனக்குப் பிடித்தது. "பந்தெயே ஷாஹே விலாயத் ஹுசைன்", அதாவது அலியின் ஊழியன் ஹுசைன். 1694 முதல் 1722 வரை ஆண்ட ஷா சுல்தான் ஹுசைன், பட்டப்பெயர் அடுக்காமல் இப்படித்தான் போட்டுக்கொண்டார். எழுத்து நஸ்தலீக், சரிந்து இறங்குகிற பாரசீகக் கை. அதை எஃகில் இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். ஒரு சுழி பிசகினால் அச்சே வீண். படத்தில் அந்த நீண்ட வளைவைப் பாருங்கள், கை நடுங்கவே இல்லை. ராஜா என்னவோ 1722-ல் ஆப்கானியரிடம் தலைநகர் இஸ்பஹானைப் பறிகொடுத்தார். செதுக்கியவர் ஜெயித்துவிட்டார் என்பேன்.

பாரசீக வெள்ளி அந்தக் காலத்தில் இந்தியத் துணிக்கு விலையாகப் பந்தர் அப்பாஸ் துறையில் கப்பலேறியது. அதனால் கடலோர வீட்டில் இப்படி ஒன்று இருப்பது எனக்கு அதிசயமில்லை.

சரி, நகைக்கடைத் தராசில் ஒரு தடவை நிறுத்து எழுதுங்கள். இது அப்பாஸி என்ற காசாகத்தான் இருக்க வேண்டும். 7 கிராமுக்கு மேல் நின்றால் ஹுசைன் ஆட்சியின் முற்பகுதி. ஐந்தரைக்குப் பக்கத்தில் நின்றால், எடையைக் குறைத்தபின் அடித்தது.