கென்யா பயணம்: நுழைவு அனுமதியும் மஞ்சள் காய்ச்சல் அட்டையும் (கேள்வி-பதில்)

கென்யாவுக்குச் சுற்றுலா செல்லவிருக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை அந்நாட்டுக்குள் நுழைவதைப் பற்றியவை. அவற்றுக்கு விடை கூறுவதோடு, ஊர் திரும்பும்போது விமான நிலையத்தில் எழக்கூடிய சிக்கலைப் பற்றியும் சற்று விரிவாக எழுதியிருக்கிறேன். முறையான நுழைவு அனுமதியுடன் சென்று வந்தவர்களும் தடுக்கப்படக்கூடிய இடம் அதுவே.

கென்யாவுக்கு விசா தேவையில்லை என்று பயண முகவர் சொல்கிறார். ஆனால் பணம் கட்டி அனுமதி வாங்க வேண்டும் என்றும் சொல்கிறார். எது சரி?
- வாசகர், கோயம்புத்தூர்

இரண்டுமே சரி. விசா முறை கைவிடப்படும் என்று கென்ய அதிபர் வில்லியம் ரூட்டோ 2023 டிசம்பரில் அறிவித்தார். 2024 ஜனவரி முதல் அதன் இடத்தில் இ.டி.ஏ. எனப்படும் மின்னணுப் பயண அனுமதி நடைமுறைக்கு வந்தது. இதற்காகத் தூதரகத்துக்குச் செல்ல வேண்டியதில்லை. ஆனால் புறப்படுவதற்கு முன்பே இணையத்தில் விண்ணப்பித்து ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். நைரோபியில் இறங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணிச் சென்றால், இங்குள்ள விமான நிறுவனமே உங்களை ஏற்றாது.

அடிப்படைக் கட்டணம் 30 அமெரிக்க டாலர். அட்டை வழியாகச் செலுத்தும்போது சிறு தொகை கூடும். கடவுச்சீட்டின் விவரப் பக்கம், முகப்படம், போய்வரும் விமான விவரம், தங்குமிட முன்பதிவு ஆகியவற்றைப் பதிவேற்ற வேண்டும். குழந்தைகளுக்கும் தனித்தனியே அனுமதி வேண்டும். வழக்கமாக மூன்று வேலை நாட்களில் பதில் வந்துவிடும் என்றாலும், விடுமுறைகளும் ஆவணக் குறைகளும் குறுக்கிடலாம் என்பதால், புறப்படுவதற்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே விண்ணப்பித்துவிடுவது நல்லது. ஒப்புதலின் அச்சுப் பிரதி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். தேடுபொறியில் முதலில் தோன்றும் இணையதளங்களில் பல தனியார் இடைத்தரகர்களுடையவை. அரசு முத்திரையைப் போன்ற சின்னத்துடன் இரண்டு மூன்று மடங்கு கட்டணம் கேட்பவை. கென்ய அரசின் இணைய முகவரி 'ஜி, ஓ' என்ற இரண்டு எழுத்துகளும், புள்ளிக்குப் பின் 'கே, ஈ' என்ற இரண்டு எழுத்துகளும் கொண்டு முடியும். அப்படி முடியாத தளத்தில் கடவுச்சீட்டின் படத்தைப் பதிவேற்றாதீர்கள். பணத்தைவிட அந்தப் படம் பெரிய இழப்பு.

என் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் இல்லை. என் பெயர் மட்டுமே உள்ளது. விண்ணப்பத்தில் என்ன எழுதுவது?
- வாசகி, மதுரை

தலைப்பெழுத்து வழக்கமுள்ள நம்மில் பலருக்கும் வரும் குழப்பம் இது. கடவுச்சீட்டின் விவரப் பக்கத்தில் கீழே இரண்டு வரிகளில் இடைக்குறிகளோடு அச்சிடப்பட்டிருப்பதுதான் எல்லையில் உள்ள இயந்திரம் படிக்கும் பெயர். அதில் உள்ளபடியே விண்ணப்பத்தையும் விமானச் சீட்டையும் நிரப்புங்கள். கடவுச்சீட்டில் இல்லாத தந்தையின் பெயரை விரித்து எழுதுவதும், ஒரே பெயரை நீங்களாக இரண்டாகப் பிரிப்பதும் வேண்டாம். எண்ணிலோ எழுத்திலோ ஒரு பிழை இருந்தாலும் அந்த அனுமதி வேறொருவருடையதாகவே கணினிக்குத் தெரியும்.

கடவுச்சீட்டு இன்னும் ஐந்து மாதங்களில் காலாவதியாகிறது. போகலாமா?
- வாசகர், திருச்சி

புதுப்பித்த பிறகே விண்ணப்பியுங்கள். கென்யாவில் இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதங்களேனும் செல்லுபடியும், முத்திரையிட வெற்றுப் பக்கமும் இருக்க வேண்டும்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயமா? இந்தியாவிலிருந்து செல்வோரிடம் கென்யாவில் கேட்பதில்லை என்று நண்பர் கூறுகிறார்.
- வாசகர், சேலம்

உங்கள் நண்பர் கூறுவது பாதி உண்மை. அந்நோய் பரவும் நாடுகளிலிருந்து வருவோரிடமே கென்யா அந்தச் சான்றைக் கேட்கிறது; இந்தியா அப்பட்டியலில் இல்லை. ஆனால் கென்யா அப்பட்டியலில் இருக்கிறது. ஆகவே, அங்கிருந்து புறப்பட்ட ஆறு நாட்களுக்குள் இந்தியாவில் இறங்குபவரிடம் இந்திய சுகாதாரத் துறை தடுப்பூசி அட்டையைக் கேட்கும். இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க அதற்கு அதிகாரம் உண்டு. நீங்கள் இந்தியக் குடிமகன் என்பதோ, துபாய் வழியாக வந்தீர்கள் என்பதோ இதை மாற்றாது.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் இருக்கிறது. மஞ்சள் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசு, டெங்குவைப் பரப்பும் அதே கொசு, நம் ஊர்களில் எங்கும் இருக்கிறது. அந்த வைரஸ் மட்டும் இன்னும் இங்கு வந்து சேரவில்லை. தொற்றிய மூன்று முதல் ஆறு நாட்களில் நோய் வெளிப்படும் என்பதால்தான் ஆறு நாள் என்ற கணக்கு. கோடிக்கணக்கானோருக்கு எதிர்ப்பாற்றல் இல்லாத ஒரு நாட்டில் இதைத் தேவையற்ற கெடுபிடி என்று என்னால் சொல்ல முடியாது.

ஊசி போட்டுக்கொண்ட பத்தாம் நாளிலிருந்தே சான்று செல்லுபடியாகும். திரும்பும் நாளைக் கணக்கிட்டால் கடைசி நேரத்தில் போட்டாலும் போதும் என்று தோன்றலாம். ஆனால் உடலுக்குப் பாதுகாப்பு தேவைப்படுவது அங்கே இருக்கும் நாட்களில்தான். எனவே புறப்படுவதற்குப் பத்து நாட்களுக்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். எந்த மருத்துவமனையில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ள முடியாது. அரசு அங்கீகரித்த மையம் தரும் அட்டையே செல்லும். தமிழ்நாட்டில் சென்னை கிண்டியிலுள்ள கிங் நோய்த்தடுப்பு மருந்து நிறுவனம், சென்னை, தூத்துக்குடித் துறைமுகங்களின் சுகாதார அலுவலகங்கள் ஆகியவற்றில் இவ்வசதி உண்டு. எல்லா நாட்களிலும் ஊசி போடுவதில்லை என்பதால் முன்பதிவு செய்துகொண்டு, கடவுச்சீட்டோடு செல்லுங்கள். ஒருமுறை போட்டால் போதும். 2016 ஜூலை முதல் இச்சான்று, பழைய அட்டைகள் உட்பட, வாழ்நாள் முழுவதும் செல்லும்.

என் தந்தைக்கு 68 வயது. முட்டை ஒவ்வாமையும் உண்டு. அவருக்கும் இந்த ஊசியைப் போடலாமா?
- வாசகி, ஈரோடு

மருத்துவரின் ஆலோசனை இல்லாமல் வேண்டாம். இது வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸைக் கொண்டு, கோழி முட்டைக் கருவில் வளர்த்துத் தயாரிக்கப்படும் மருந்து. கடுமையான முட்டை ஒவ்வாமை, நோய் எதிர்ப்பாற்றல் குறைவு ஆகியவை உள்ளவர்களுக்கு இது பொருந்தாது. 60 வயதைக் கடந்து முதல்முறையாகப் போட்டுக்கொள்பவர்களுக்குத் தீவிர பக்கவிளைவின் வாய்ப்பு சற்றுக் கூடுதல். கருவுற்ற பெண்களும், கைக்குழந்தைக்குப் பாலூட்டும் தாய்மாரும் கூட முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஊசி கூடாது என்று மருத்துவர் முடிவு செய்தால், விலக்குச் சான்று பெறலாம். திரும்பும்போது அதை ஏற்பதா வேண்டாமா என்பது விமான நிலைய சுகாதார அதிகாரியின் முடிவு. அதையும் மீறிச் சொல்வதானால், பாதுகாப்பில்லாத ஒரு முதியவரைக் கொசுக்கடி மிகுந்த பகுதிகளுக்கு அழைத்துச் செல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்போருக்கும் இதே விதிகளா?
- வாசகர், யாழ்ப்பாணம்

ஆம். இ.டி.ஏ. உங்களுக்கும் தேவை. கென்யாவிலிருந்து திரும்புவோரிடம் இலங்கையும் மஞ்சள் காய்ச்சல் சான்றைக் கேட்கிறது. கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவன வளாகத்தில் ஊசி போட்டுக்கொள்ளலாம்.

கென்யாவோடு உகாண்டாவில் கொரில்லாக்களையும் பார்த்துவிட்டு, முடிந்தால் சான்சிபாருக்கும் போக எண்ணுகிறோம். ஒரே விசா போதுமா?
- வாசகர், சென்னை

கென்யா, உகாண்டா, ருவாண்டா ஆகிய மூன்றுக்கும் சேர்த்துக் கிழக்காப்பிரிக்கச் சுற்றுலா விசா என்று ஒன்று உண்டு. கட்டணம் 100 டாலர். 90 நாட்களுக்கு அம்மூன்றுக்குள் போய்வரலாம். முதலில் எந்த நாட்டில் நுழைகிறீர்களோ அந்நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். மூன்றையும் சுற்றி நைரோபி வழியாகவே திரும்புவோருக்கு இது நல்ல ஏற்பாடு. கென்யாவைப் பார்த்துவிட்டு உகாண்டாவிலிருந்தே ஊர் திரும்புவதானால், 30 டாலர் இ.டி.ஏ.வும் 50 டாலர் உகாண்டா விசாவும் தனித்தனியே எடுப்பது சிக்கனம். உகாண்டா எல்லாப் பயணிகளிடமும் மஞ்சள் காய்ச்சல் அட்டையைக் கேட்கும்.

சான்சிபார் தான்சானியாவைச் சேர்ந்தது. தான்சானியா இக்கூட்டு விசாவில் சேரவில்லை. அதற்குத் தனி விசா வேண்டும். நடுவில் அங்கே சென்றுவிட்டால் கூட்டு விசா முடிந்துவிடும் என்பதால், சான்சிபாரைப் பயணத்தின் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். கென்யாவிலிருந்து வருவதால் அங்கும் தடுப்பூசி அட்டையைக் காட்ட வேண்டும். மேலும், 2024 அக்டோபர் முதல் சான்சிபாருக்கு வரும் வெளிநாட்டினர் அத்தீவின் காப்பீட்டுக் கழகத்திடம் 44 டாலருக்குப் பயணக் காப்பீடு எடுப்பது கட்டாயம். ஊரில் எடுத்த காப்பீடு அதற்கு ஈடாகாது.

சுற்றுலா அனுமதியில் சென்று ஒரு பள்ளியில் சில வாரங்கள் இலவசமாகப் பாடம் நடத்தலாமா?
- வாசகி, புதுச்சேரி

நடத்தக் கூடாது. ஊதியமில்லாவிட்டாலும் அது பணியாகவே கருதப்படும். அதற்கென்று தனி அனுமதி உண்டு. அதை அந்தப் பள்ளியே முன்னின்று பெற்றுத் தர வேண்டும். பெற்றுத் தராத நிறுவனத்தை நம்பிச் செல்லாதீர்கள்.

சுங்கத்தில் எதற்கெல்லாம் தடை? வழியில் சாப்பிட முறுக்கு, புளிசாதம் கட்டிக்கொண்டு போகிறோம்.
- வாசகர், தஞ்சாவூர்

தின்பண்டத்தைவிட அதைச் சுற்றியுள்ள பையைக் கவனியுங்கள். கென்யாவில் 2017 ஆகஸ்ட் முதல் பொருள் வாங்கிச் செல்லும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. சட்டம் வைத்திருக்கும் தண்டனை 40 லட்சம் கென்ய ஷில்லிங் வரை அபராதமோ நான்கு ஆண்டு வரை சிறையோ ஆகும். விமான நிலையக் கடையில் பொருளோடு தந்த பையையும் இறங்கியவுடன் விட்டுவிட வேண்டும். துணிப்பையும் எவர்சில்வர் டப்பாவும் போதும். 2020 ஜூன் முதல் தேசியப் பூங்காக்களில் ஒருமுறை பயன்படுத்தும் தண்ணீர்ப் போத்தல்களுக்கும் தடை இருக்கிறது. முன் அனுமதி பெறாத டிரோனைச் சுங்கத்தில் பறிமுதல் செய்வார்கள். 10,000 டாலருக்கு மேல் ரொக்கம் இருந்தால் தெரிவிக்க வேண்டும். திரும்பும்போது தந்தம், விலங்குத் தோல், சிப்பி எதையும், கடைக்காரர் ரசீது தந்தாலும், வாங்கி வராதீர்கள்.