மாலை போட்டால் நிற்கிற குடி

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 42 வயது. பனியன் கம்பெனியில் டெய்லர். பத்து வருடமாகக் குடிக்கிறார், இப்போது தினமும் ஆஃப். காலையில் கொஞ்சம் உள்ளே போனால்தான் ஊசியில் நூல் கோர்க்கக் கை நிற்கிறது. சபரிமலைக்கு மாலை போட்டால் மட்டும் 48 நாள் தொடமாட்டார். ஆனால் போன கார்த்திகையில் மாலை போட்ட மறுநாளே வலிப்பு வந்தது. சாமி குற்றம் என்கிறார் மாமியார். யாரிடம் காட்டுவது, மனநல டாக்டரிடமா, கவுன்சிலரிடமா? வேன் அனுப்பித் தூக்கிக்கொண்டு போகிறோம் என்கிறது ஒரு மறுவாழ்வு மையம். சாப்பாட்டில் தெரியாமல் கலக்கும் மருந்தும் இருக்கிறதாமே?
— ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த வலிப்புதான். அது சாமி குற்றம் இல்லை. தினமும் மதுவில் ஊறிப் பழகிய மூளை, மது திடீரென்று நின்றதும் நிலைகொள்ளாமல் தவிக்கும். கடைசியாகக் குடித்து ஆறேழு மணி நேரத்தில் கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதற்கப்புறம் சிலருக்குப் பிதற்றல் வரும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள். டெய்லராக இருந்தால் கட்டிலில் படுத்தபடியே இல்லாத மெஷினை மிதித்துத் துணியைத் தள்ளிக்கொண்டிருப்பார். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் கவனிக்காமல் விட்டால் உயிர் போகக்கூடிய கட்டம் அது.

ஒரு முறை வலிப்பு வந்தவருக்கு அடுத்த முறையும் வர வாய்ப்பு அதிகம். அதனால் அவர் எந்தச் சாமி மேல் சத்தியம் செய்தாலும் வீட்டில் வைத்துக் குடியை நிறுத்த வேண்டாம். அடுத்த மாலைக்கு முன்பே டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

ஆக, முதலில் மனநல மருத்துவர், அதுவும் உள்நோயாளியாகச் சேர்க்க வசதியுள்ள இடத்தில். திருப்பூர், கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் விசாரியுங்கள். 2025இல் தமிழக அரசு 'கலங்கரை' என்ற பெயரில் போதை மீட்பு மையங்களைத் தொடங்கியது. உங்களுக்கு அருகில் எது என்றும் அங்கேயே கேட்கலாம். சேர்த்தால் ஒரு வாரம், பத்து நாள் ஆகும். நடுக்கத்தை அடக்கும் மாத்திரையைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். தயமின் என்ற பி1 வைட்டமினை ஊசியாகப் போடுவார்கள். தெருமுனைக் கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றினால் தெளிந்துவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தயமின் போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம்.

உடம்பிலிருந்து மது இறங்கியாயிற்று, சரி. பலர் இதையே சிகிச்சை என்று நினைத்து வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். சில வாரத்தில் அதே வார்டுக்குத் திரும்பி வருகிறார்கள்.

அந்த 48 நாளைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். விடியற்காலைக் குளியல், கறுப்பு வேட்டி, சாயங்காலம் பஜனை. கூடக் குடிக்கிறவர்களே 'சாமி' என்று கூப்பிட்டு ஒதுங்கிப் போவார்கள். நாள் முழுக்க ஒரு வேலி இருக்கிறது. மாலையைக் கழற்றினால் வேலியும் போய்விடுகிறது. ஆனால் சனிக்கிழமைச் சம்பளம், அதே கூட்டாளிகள், அதே டாஸ்மாக் வழி எல்லாம் அப்படியே இருக்கின்றன. மாலை இல்லாத நாட்களுக்கு ஒரு வேலி கட்டுவதுதான் உளவியல் சிகிச்சை. சம்பளத்தை யார் வாங்குவது, எந்தத் தெரு வழியாக வீடு திரும்புவது, ஆறு மணிக்கு வயிறு காலியாக இல்லாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று இவ்வளவு சில்லறையாகத்தான் அது போகும். அறிவுரை சொல்வது அதில் ரொம்பக் கொஞ்சம்.

இதைச் செய்யப் பயிற்சி பெற்றவர் மருத்துவ உளவியலாளர். இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். கவுன்சிலர் என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டிவிடலாம். நான் கேட்கச் சொல்லும் இன்னொரு கேள்வி: "நடுவில் ஒரு நாள் குடித்துவிட்டால் என்ன செய்வீர்கள்?" திட்டி அனுப்பிவிடுவோம் என்கிறவரிடம் போகாதீர்கள். நடுவில் சறுக்குவது இந்த நோயில் சகஜம். சறுக்கியவர் மறைக்காமல் வந்து சொல்லக்கூடிய இடமாக அது இருக்க வேண்டும்.

குடிக்கும் ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மாத்திரைகள் உண்டு. கல்லீரல், சிறுநீரகம் இருக்கும் நிலையைப் பார்த்து டாக்டர் முடிவு செய்வார்.

சாப்பாட்டில் கலக்கும் மருந்து மட்டும் வேண்டவே வேண்டாம். டைசல்ஃபிராம் என்ற மாத்திரையைத்தான் பலர் அப்படிக் கலந்துவிடுகிறார்கள். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரியும், சிலருக்கு இதயமே நின்றுவிடும். தெரிந்து, சம்மதித்துச் சாப்பிடுகிறவருக்கு அது நல்ல மருந்து. தெரியாமல் கொடுத்தால் அது விஷம். பெயர் போடாமல் விற்கும் பொடிகளில் என்ன இருக்கிறதோ, விற்கிறவருக்கே வெளிச்சம்.

வேனும் வேண்டாம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் மதுப்பழக்கத்தால் வரும் நோயும் அடங்கும். ஒருவரைச் சம்மதம் இல்லாமல் சேர்க்க வேண்டுமென்றால் மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும். அவருக்கோ மற்றவருக்கோ ஆபத்து என்பது போன்ற காரணமும் இருக்க வேண்டும். சங்கிலி போடுவதற்குச் சட்டத்தில் அறவே இடமில்லை. எந்த மையமானாலும் மாநில மனநல ஆணையத்தில் பதிவு உண்டா, ராத்திரியில் டாக்டர் இருப்பாரா, நீங்கள் போய்ப் பார்த்துப் பேசலாமா என்று கேளுங்கள். "மூன்று மாதம் யாரும் வரக்கூடாது" என்றால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள்.

அவர் வர மாட்டேன் என்பார். குடியை விடுவதைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள். "கை நடுக்கத்துக்கும் தூக்கத்துக்கும் ஒரு டாக்டரைப் பார்த்துவிட்டு வரலாம்" என்று காலை நேரத்தில் கேளுங்கள். அதற்கு வருகிறவர்கள் நிறையப் பேர். அப்போதும் வராவிட்டால் முதல் தடவை நீங்கள் மட்டும் வாருங்கள். குடும்பத்தாரிடம் பேசுவதும் எங்கள் வேலைதான். 14446 போதை மீட்புக்கான தேசிய உதவி எண், 14416 மனநல உதவி எண். இரண்டுமே இலவசம். குடிக்கிறவர்களின் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் கூட்டங்களும் நடக்கின்றன.

வரும்போது போன வலிப்பு வந்த தேதி, அவர் சாப்பிடும் மாத்திரைகள், கடைசியாகக் குடித்த நேரம் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். அதற்குள் வலிப்போ பிதற்றலோ வந்தால் 108க்குப் போன் போடுங்கள். வாயில் எதையும் திணிக்க வேண்டாம், கையில் இரும்பும் கொடுக்க வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.