வைரம், கிராஃபைட், மணல்: சகப்பிணைப்பு வலைத் திண்மங்கள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: சார், கார்பனும் சிலிக்கானும் ஒரே தொகுதிதானே? கார்பன் டை ஆக்சைடு வாயு. சிலிக்கான் டை ஆக்சைடான மணல் மட்டும் ஏன் 1,700 டிகிரி செல்சியஸ் வரை உருகுவதில்லை?

பதில்: கார்பன் சிறிய அணு. ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பு போட்டுக்கொண்டு, இரண்டு ஆக்சிஜனோடு தனி மூலக்கூறாக நின்றுவிடும். சிலிக்கான் பெரிய அணு, அதற்குப் பை பிணைப்பு, அதாவது இரட்டைப் பிணைப்பில் வரும் இரண்டாவது பிணைப்பு, வலுவாக அமையாது. அதனால் நான்கு ஆக்சிஜனை ஒற்றைப் பிணைப்பில் பிடிக்கிறது. ஒவ்வொரு ஆக்சிஜனும் இரண்டு சிலிக்கானுக்குப் பொது. இப்படியே போனால் ஒரு குவார்ட்ஸ் மணல் துகள் முழுக்க ஒரே வலை. உலர்பனி, அதாவது திண்ம கார்பன் டை ஆக்சைடு, -78 டிகிரியில் ஆவியாகும்போது ஒரு சகப்பிணைப்பும் (அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்து உண்டாக்கும் பிணைப்பு) அறுவதில்லை, மூலக்கூறுகள் விலகுகின்றன, அவ்வளவுதான். மணலை உருக்க பிணைப்பையே அறுக்க வேண்டும். தேர்வில் "சிலிக்காவின் மூலக்கூறுகளுக்கிடையே ஈர்ப்பு அதிகம்" என்று தயவுசெய்து எழுதாதீர்கள். அங்கே மூலக்கூறே கிடையாது.

கேள்வி: வைரத்தைச் சுத்தியலால் அடித்தால் உடையுமா?

பதில்: உடையும். கீறல் விழாது என்பது வேறு, அடி தாங்கும் என்பது வேறு. எண்முகத் தளங்களின் (படிகத்துக்குள் எட்டு முக வடிவின் முகங்களுக்கு இணையான தளங்கள்) வாக்கில் எளிதில் பிளக்கும்.

கேள்வி: அண்ணா, லேத்தில் வைர முனை அலுமினியத்தை அருமையாக வெட்டுகிறது. எஃகில் போட்டால் சீக்கிரம் தேய்ந்துவிடுகிறது. முனை போலியா?

பதில்: முனையில் குறை இல்லை தம்பி, ஜோடிதான் தவறு. வெட்டும் இடத்துச் சூட்டில் வைரத்தின் கார்பன் இரும்புக்குள் கரைந்து போகிறது. வைரம் கிராஃபைட்டாக மாறுவதையும் இரும்பு தூண்டுகிறது. ஆக, தேய்மானம் உராய்வால் மட்டும் வருவதில்லை, வேதிவினையாலும் வருகிறது. வேகத்தைக் கூட்டினால் சூடு ஏறி இன்னும் மோசமாகும். கடினப்படுத்திய எஃகுக்குக் கனசதுர போரான் நைட்ரைடு முனை போடுங்கள். வைரத்தைப் போலவே நாற்புறப் பிணைப்பு வலைதான், ஆனால் இரும்பில் கரைய அதில் கார்பன் இல்லை. இன்னொன்று: பி.சி.டி. முனைகளில், அதாவது வைரத் துகள்களை இணைத்துச் செய்த முனைகளில், கோபால்ட் இருக்கும். இரும்பைப் போல அதுவும் வைரம் கிராஃபைட்டாக மாறுவதைத் தூண்டும். முனையைப் பிரேஸ் செய்யும்போது (உலோகக் கலவையை உருக்கி ஒட்டும்போது) சூடு 700 டிகிரியைத் தாண்டினால் முனை கெட்டுவிடும்.

கேள்வி: கிராஃபைட்டும் அதே கார்பன்தான். ஏன் வழுக்குகிறது?

பதில்: கிராஃபைட்டில் கார்பன் அணுக்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அடுக்குக்குள் அணுக்களின் இடைவெளி 142 பிக்கோமீட்டர், வைரத்தின் 154-ஐ விடக் குறைவு. அடுக்குக்கும் அடுக்குக்கும் 335. அடுக்கு உறுதி, இடைப்பிடி தளர்வு. ஆனால் வெற்றிடத்தில் கிராஃபைட்டை நம்பாதீர்கள். அது நன்றாக வழுக்குவதற்குக் காற்றின் ஈரப்பதமும் வேண்டும். வெற்றிடத்தில் மாலிப்டினம் டைசல்ஃபைடுதான் சரி.

கேள்வி: ஆய்வகத்தில் சோடியம் ஹைட்ராக்சைடு குப்பியின் கண்ணாடி மூடி இறுகிவிட்டது. கண்ணாடிதான் எதனோடும் வினைபுரியாதே?

பதில்: கண்ணாடியும் சிலிக்கான்-ஆக்சிஜன் வலைதான். காரம் அந்தப் பிணைப்பை மெல்ல அறுக்கும். உண்டாகும் சிலிக்கேட் பசைபோல் ஒட்டிக்கொள்ளும். ரப்பர் அடைப்பானோ பாலித்தீன் குப்பியோ பயன்படுத்துங்கள். கண்ணாடிக் குழாய்த்திருகு உள்ள பியூரெட்டில் காரம் எடுத்தால் வேலை முடிந்த உடனே தண்ணீர், பிறகு நீர்த்த அமிலம், மறுபடி தண்ணீர் என்று கழுவி, திருகைக் கழற்றி வையுங்கள்.