கிறிஸ்தவக் கோடை முகாமில் கவுன்சிலராகப் போவதால் பிற்காலத்துக்கு ஏதாவது பயன் உண்டா?

வேலைக்கான விண்ணப்பத்தில் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் "விடுமுறையை வீணாக்குகிறாய்" என்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டோ மூன்றாம் ஆண்டோ படிக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நானும் அந்த வயதில்தான் போனேன், எங்கள் வீட்டிலும் இதையேதான் சொன்னார்கள். விண்ணப்பத்தில் தாராளமாகப் போடுங்கள். எனக்கு அதனால் வேலை கிடைத்ததில்லை. ஆனாலும் போனது சரி என்றே இன்றுவரை நினைக்கிறேன்.

2019 மே மாதம். ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபத்துக்கும் பெரியபட்டினத்துக்கும் இடையில் கடலோரத்தில் ஒரு பள்ளிக்கூடம். ஐந்து நாள் முகாம். கவுன்சிலர் என்ற சொல்லை அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள், குழு அண்ணன், குழு அக்கா என்பதுதான் பேச்சு. என் பொறுப்பில் பத்துப் பையன்கள். காலை ஐந்தரைக்கு எழுப்பி, பல் தேய்க்க வைத்து, ஜெபத்துக்குக் கூட்டிப்போய், சாப்பாட்டுத் தட்டைக் கழுவ வைத்து, இரவு விளக்கணைத்த பிறகும் அவர்களோடு அதே வகுப்பறையில் பாய் விரித்துப் படுக்க வேண்டும். கச்சான் காற்று அடிக்கும் காலம், சோற்றில் மணல் விழும்.

இதைப் படித்துவிட்டு "மதம் மாற்றும் வேலை" என்று எழுத வருபவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அந்த முகாமுக்கு வந்த அத்தனை பேரும் பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கத்துக் கோயில் பங்குகளின் பிள்ளைகள். பல தலைமுறையாகக் கத்தோலிக்கக் குடும்பங்கள். அவர்களை எதிலிருந்து எதற்கு மாற்ற?

நான் ஆர்.எஸ். மங்கலம் பக்கத்துக்காரன். அப்பா மிளகாய் விவசாயி. ஒரே மாவட்டம் என்றாலும் கடலைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. அந்தப் பிள்ளைகளுக்கோ வடக்கே இருப்பது அலை குறைந்த பெண் கடல், தெற்கே இருப்பது அலை மிகுந்த ஆண் கடல், எந்த மாதத்தில் எதில் இறங்கலாம் என்பதெல்லாம் பத்து வயதிலேயே தெரியும்.

முதல் நாள் அறிமுகத்தில் ஒவ்வொருவரும் எழுந்து பெயர், வகுப்பு, அப்பா என்ன வேலை செய்கிறார் என்று சொல்ல வேண்டும் என்றேன். தங்கச்சிமடத்துப் பையன் ஒருவன், பதினோரு வயது இருக்கும், "கடல்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தான். மீனவர் என்று எழுதிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் நாடக ஒத்திகை. இயேசு கலிலேயக் கடலோரம் சீடர்களை அழைக்கும் காட்சி. வலைக்காக ஒரு பழைய கொசுவலையைக் கொடுத்திருந்தார்கள். பையன்கள் சிரித்துவிட்டார்கள், "அண்ணே, இதுல எந்த மீன் மாட்டும்?" அந்தப் பையன் மட்டும் சிரிக்கவில்லை. யாக்கோபாக நடிக்கச் சொன்னேன், மாட்டேன் என்றான். உங்கள் ஊர்ச் சந்தியாகப்பர்தானடா இவர் என்றேன். யாக்கோபைத்தான் அங்கே சந்தியாகப்பர் என்பார்கள். அவர்கள் ஊரில் அவருக்குப் பழைய கோயில் இருக்கிறது, ஜூலை 25 அவர் திருநாள். அதற்கும் மசியவில்லை. வசனத்தை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னான். மாற்கு முதல் அதிகாரம், 20-ஆம் வசனம். யாக்கோபும் யோவானும் அப்பா செபதேயுவைப் படகில் கூலியாள்களோடு விட்டுவிட்டு இயேசுவின் பின்னே போய்விடுகிறார்கள்.

"அந்தக் கூலியாளுங்க என்னண்ணே ஆனாங்க?"

"கடவுள் பார்த்துக்கொள்வார்" என்றேன். நேரமாகிறது, அடம் பிடிக்காதே என்று எல்லார் முன்னாலும் திட்டியும் விட்டேன். அவன் எழுந்து போய்விட்டான்.

அன்று இரவு விழிப்பு வந்தபோது அவன் பாய் காலியாக இருந்தது. ஈரக்குலை நடுங்கிவிட்டது, பத்தடியில் கடல். வராந்தாப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நெடுநேரம் கழித்து அவனாகவே சொன்னான். அவன் அப்பா யாழ்ப்பாணத்தில் சிறையில் இருக்கிறார். ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குவதற்குச் சில நாள் முன்னால் போன விசைப்படகு. இலங்கைக் கடற்படையினர் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். படகு வேறு ஒருவருடையது. "எங்கப்பா கூலிக்குத்தாண்ணே போனாரு."

எனக்குத் தெரியாது என்று சொன்னேன். கூலியாள்கள் என்ன ஆனார்கள் என்று வேதாகமத்தில் இல்லை, நான் மதியம் சொன்னது தப்பு என்றேன். இரண்டு நாள் பயிற்சியில் ஆக்‌ஷன் பாட்டு, விளையாட்டு, பைபிள் வினாடி வினா எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். அப்பா சிறையில் இருக்கும் பிள்ளையிடம் என்ன பேசுவது என்று யாரும் சொல்லித்தரவில்லை. இந்தக் கரையில் முகாம் நடத்துகிறவர்கள் முதலில் சொல்லித்தர வேண்டியது அதுதான். விடியும்வரை அங்கேயே இருந்தோம். கூலிக்கு மிளகாய் பறிக்கப் போகும் என் சித்தியைப் பற்றிப் பேசினேன். அவன் வலையில் மிதப்பு எந்தப் பக்கம், ஈயம் எந்தப் பக்கம் என்று சொல்லிக்கொடுத்தான்.

கடைசி நாள் நாடகத்தில் நடித்தான். கூலியாளாக. யாக்கோபும் யோவானும் இறங்கிப் போன பிறகும் அவன் செபதேயுவோடு படகிலேயே நின்று, அந்தக் கொசுவலையை முறைப்படி மடித்துக்கொண்டே இருந்தான். திரை மூடும்வரை மடித்தான். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மாக்கள் அழுதார்கள். "இந்த ஆள் கதையில் இருக்கிறாரா?" என்று ஃபாதர் கேட்டார். வசனத்தைக் காட்டினேன். அப்புறம் ஜூன் கடைசியில் அவன் அப்பா ஊர் திரும்பியதாக ஒரு குழு அக்கா போனில் சொன்னார். படகு வரவில்லையாம்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிறகு ஒரு நேர்காணலில் இந்த முகாமைப் பற்றிக் கேட்டார்கள். ராமநாதபுரம் என்றதும் அந்த அதிகாரி "தண்ணியில்லாக் காடு" என்றார். எங்கள் மாவட்டத்துக்கு மாற்றலாவதையே தண்டனை என்று நினைக்கிறார்கள். நான் படித்த பள்ளியில் கணக்கு ஆசிரியர் வந்து சேர்ந்த கையோடு மாற்றலுக்கு எழுதிப்போட்டார். ஒன்றரை வருடம் கணக்கு வகுப்பே இல்லை. தண்ணீர்க் கஷ்டம் உண்மைதான், முகாமிலும் குடத்துக்குக் காசு கொடுத்துத்தான் குடித்தோம். ஆனால் இங்கே பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் கணக்கு வேண்டும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எந்த ஊர் முகாம் என்று எழுதவில்லை. எங்கள் கரை என்றால் டார்ச் லைட் ஒன்று கொண்டுபோங்கள், படுக்கும் முன்னும் நடுராத்திரியிலும் தலையை எண்ணுங்கள். அப்பா என்ன வேலை என்று எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள். தனியாக இருக்கும்போது, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.